இரண்டு மூடிகளும் இருந்தன

நான் ஓய்வு பெற்று நான்கு வருடமும் இரண்டு மாதமும் ஆகின்றன. இந்தக் காலத்தில் வேலைத்தளத்திலிருந்து எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் மொத்தம் ஆறு. முதலாவது, களஞ்சியத்தின் பின்கதவுச் சாவி எங்கே என்று கேட்டு. இரண்டாவதும் அதே சாவிக்காகத்தான். அடுத்த மூன்றும் பெருநாள் வாழ்த்து. ஆறாவது போன வாரம் வந்தது. பேசியவர் இப்போது என் கதிரையில் இருக்கும் இளம் மேற்பார்வையாளர். நல்ல பிள்ளை; ஆனால் மூச்சு விடக்கூட நேரமில்லாத பிள்ளை.

"சேர், தண்ணியிலயும் தரையிலயும் ஓடுற புது வாகனம் வந்திரிக்கி. பழசுக்கு நீங்கதானே தண்ணி இறைக்கிற பில்ஜ் பம்ப் பூட்டின? அத எப்பிடிப் பூட்டுறண்டு ஒரு பக்கத்துல எழுதித் தாங்களன்."

"ஏன், புதுசுல பம்ப் இல்லையா?"

"இரிக்கி சேர். எல்லாம் தானாவே வேல செய்யும். உள்ள தண்ணி வந்தா லைட் எரியும். ஆக்கள் பார்க்கத் தேவையே இல்ல."

"மறுகா நான் எதுக்கு எழுதணும்?"

"பயிற்சிக் கோப்புல ஒரு பக்கம் காலியாக் கிடக்கு சேர்."

முப்பத்தொரு வருடச் சேவைக்கு ஒரு காலிப் பக்கம். அல்ஹம்துலில்லாஹ், அதுவாவது கிடைத்ததே. எழுதத் தொடங்கிவிட்டேன். ஒரு பக்கத்தில் முடியாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் பயிற்சிக் காலம் பாலமுனையில் கழிந்தது. படகு எஞ்சின் திருத்துகிற ஒருவரிடம் மூன்று வருடம் இருந்தேன். கடல் தண்ணீர் எல்லாவற்றையும் தின்னும் என்பதையும், மீனவர் எதையும் நம்பமாட்டார் என்பதையும் அங்கே கற்றேன். கரையேற்றிய படகில் மழைத் தண்ணீர் தேங்காமல் வடிவதற்காக, அடியில் உள்ள துளையின் மூடியைக் கழற்றிவிடுவார்கள். கழற்றிய மூடியை எஞ்சின் இழுக்கும் கயிற்றில் முடிந்துவைப்பார்கள். அந்த முடிச்சை அவிழ்க்காமல் எஞ்சினை இழுக்க முடியாது. அவிழ்த்தால் மூடி கையில் இருக்கும். கையில் இருந்தால் துளைக்குப் போகும். இதற்கு யாரும் கோப்பு வைத்திருக்கவில்லை.

அதன்பிறகு கல்முனைக்கு வந்து, வெள்ள நிவாரண வாகனங்களைப் பராமரிக்கும் வேலைத்தளத்தில் சேர்ந்தேன். அங்கே எல்லாவற்றுக்கும் கோப்பு இருந்தது.

எங்கள் பொறியியலாளர் றவூப் சேர் கோபப்பட்டதை நான் கண்டதில்லை. கோபப்படுவதற்கு அவருக்கு அவசியமும் இல்லை. மேற்சட்டைப் பையில் மூன்று பேனைகள் வைத்திருப்பார்: நீலம், கறுப்பு, சிவப்பு. நாம் ஒன்றைச் சொன்னால் முழுவதையும் கேட்டுவிட்டு, மெல்லிய குரலில், "எழுத்துல தாங்க" என்பார். எழுதிக் கொடுத்தால் சிவப்புப் பேனையைத் திறப்பார். அவர் எழுதுவது ஒரு சொல், மிஞ்சிப் போனால் இரண்டு. அந்த ஒரு சொல் நம்மை ஒரு வாரத்துக்குத் தூங்கவிடாது.

எண்ணப்படாத சாமான் தொலைந்த சாமான் என்பது அவரது கொள்கை. வேலைத்தளத்தின் வடக்குச் சுவரில் ஒரு பெரிய பலகை அடித்திருந்தார். ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் ஆணி. ஆணிக்குப் பின்னால் அந்தச் சாமானின் உருவம் வெள்ளை வர்ணத்தில். சாமான் இல்லாவிட்டால் வெள்ளை உருவம் மட்டும் பேய் போல நிற்கும். மொத்தம் அறுபத்து நான்கு ஆணிகள். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்குப் போகுமுன் அதை எண்ணிக் கையெழுத்து வைப்பது என் பொறுப்பு. எனக்கு அது பொறுப்பாகத் தெரியவில்லை, பரிசாகத் தெரிந்தது. என் வீட்டு மதிலில் எத்தனை கற்கள் என்று இப்போதும் கேளுங்கள், சொல்கிறேன்.

இந்த ஒழுங்குக்குள்தான் அந்த வாகனம் வந்து சேர்ந்தது. எட்டுச் சில்லு, ஆறு இருக்கை, தடித்த பிளாஸ்டிக் உடம்பு. தரையில் ஓடும், சேற்றில் தவழும், தண்ணீரில் இறங்கினால் சில்லுகளாலேயே துடுப்புப் போட்டு மனிதன் நடக்கிற வேகத்தில் மிதந்து போகும். வெளிநாட்டு நன்கொடை. சாரதி சுபைர் பார்த்தவுடன் அதற்கு 'எட்டுக்கால் ஆமை' என்று பெயர் வைத்தான். ஆமை கோபித்திருக்கும்.

நன்கொடையாளர்கள் எல்லாவற்றையும் தந்திருந்தார்கள். குடிபானக் குவளை வைக்கும் வளையம்கூட நான்கு இருந்தது. பில்ஜ் பம்ப் மட்டும் இல்லை. மிதக்கிற எதற்கும் அடிவயிற்றில் கொஞ்சம் தண்ணீர் சேரும். சில்லு அச்சுகளின் ஓரத்தால் கசியும், அலை தெறிக்கும், மழை பெய்யும். அதை இறைத்து வெளியே தள்ளுவதுதான் அந்தப் பம்பின் வேலை. நாங்கள் பதினொரு கடிதம் எழுதி, பம்ப் ஒரு பெட்டியில் தனியாக வந்தது. பெட்டிக்குள் ஒரேயொரு ஹோஸ் கிளிப். தேவை நான்கு.

பூட்டும் முறையைக் கேட்டார்கள் அல்லவா, சொல்கிறேன்.

பம்ப் உட்கார வேண்டிய இடம் தண்ணீர் சேருகிற இடம். இது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். றவூப் சேர் மட்டும் முன்பக்கம் பூட்டச் சொன்னார். முன்மூடியைத் திறந்தால் பம்ப் தெரியும், கையளிப்பு விழாவில் படம் எடுக்கலாம் என்பது காரணம். சமதரையில் நிற்கும்போது தண்ணீர் முன்பக்கம்தான் நிற்கிறது என்றும் காட்டினார். எங்கள் வேலைத்தளத் தரை முன்பக்கம் சரிவு என்பதை நான் சொல்லவில்லை, எழுத்தில் கேட்பார்.

அதற்குப் பதிலாக வாகனத்தைக் குளத்தில் இறக்கினோம். ஆட்களுக்குப் பதில் ஆறு மணல் மூட்டைகளை இருக்கைகளில் வைத்தேன். உள்ளே நாற்பது வாளி தண்ணீர் ஊற்றினேன். ஆமை பின்பக்கமாகக் குந்தியது. தண்ணீர் முழுவதும் பின்னிருக்கையின் அடியில் போய்க் கூட்டம் கூடியது. றவூப் சேர் கரையில் நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, கறுப்புப் பேனையைத் திறந்து எழுதினார்: 'எனது ஆலோசனைப்படி பின்பக்கம்.' அப்படித்தான் அந்த ஆலோசனை அவருக்குக் கிடைத்தது.

அடுத்தது வெளிவாய். முழுச் சுமையோடு மிதக்கும்போது தண்ணீர் தொடும் மட்டத்தில் சோக்கட்டியால் கோடு போட்டு, அதற்கு மேலே ஒரு சாண் விட்டுத் துளை போட்டேன். ஹோஸ் நேராக வெளியே போகக்கூடாது. ஒரு தடவை மேலே ஏறி வளைந்து இறங்க வேண்டும். இல்லாவிட்டால் பம்ப் நின்றதும், வெளியே போன தண்ணீர் அதே வழியால் விருந்தாளி போலத் திரும்பி வரும். ஹோஸின் இரு முனைக்கும் இரண்டு இரண்டு கிளிப். வயர் மூட்டுகள் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, கிறீஸ் பூசி. பியூஸ் பற்றரிக்கு அருகில். தண்ணீர் ஏறினால் மிதவை தானாகப் பம்பைப் போடும். மிதவை சண்டித்தனம் பண்ணினால் சாரதி கையால் போட வேறொரு சுவிச்சு.

பூட்டி முடித்து இருபது லீற்றர் வாளியைப் பிடித்தேன். இருபத்து நான்கு செக்கனில் நிரம்பியது. பெட்டியில் எழுதியிருந்ததைவிடக் குறைவுதான். பெட்டி கடைக்காரனுக்காக எழுதப்பட்டது; வாளி எனக்காக.

கடைசியில் வடிகால் மூடிகள். வாகனத்தின் பின்னடியில், இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றும், கட்டைவிரல் நுழையும் அளவில் இரண்டு துளைகள். நிறுத்திவைக்கும்போது மழைத் தண்ணீர் வடிய மூடிகளைக் கழற்ற வேண்டும். பாலமுனை வழக்கத்தை நினைத்து, "சேர், மூடிய சாவியோட சேத்துக் கட்டிருவம்" என்றேன்.

றவூப் சேர் சிரித்தார். "இது வள்ளமில்ல காக்கா, வாகனம்." எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன்.

பலகையில் இரண்டு ஆணிகள் கூடின. அறுபத்து ஆறு.

அந்த மாரியில் மழை விட்டுவிட்டுப் பெய்யவில்லை, விடாமலே பெய்தது. கிட்டங்கித் தாம்போதி என்கிற தாழ்ந்த பாலப் பாதைக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து, சவளக்கடைப் பக்கம் கல்முனையிலிருந்து துண்டாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை எங்களுக்குத் தகவல் வந்தது. சவளக்கடையில் கந்தையா என்கிற வேளாண்மைக்காரர், அறுபத்து நான்கு வயது. இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு தடவை கல்முனை ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். சனிக்கிழமைத் தவணை வெள்ளத்தில் போய்விட்டது. கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, இரண்டு இரவாக உட்கார்ந்தே இருக்கிறார். இன்றும் தவறினால் அடுத்த தவணையே தேவைப்படாது என்று டாக்டர் சொன்னாராம்.

புறப்படுமுன் நான் பரிசோதனைப் பட்டியலை எடுத்தேன். நானே தயாரித்தது, இருபத்து மூன்று விடயங்கள். எரிபொருள், சரி. மிதப்பு அங்கி ஆறு, சரி. பம்ப், சுவிச்சைப் போட்டுச் சத்தம் கேட்டேன், சரி. பதினேழாவது: வடிகால் மூடி, இரண்டு. நிமிர்ந்து பலகையைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு. தத்தம் ஆணியில் அழகாகத் தொங்கின. சரி.

வாசிப்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்தி இன்னொரு தடவை வாசிக்கலாம். நான் வாசிக்கவில்லை; கையெழுத்து வைத்தேன்.

போகும்போது சுபைரும் நானும் மட்டும். தண்ணீரில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் மிதவை பம்பைப் போட்டது. பக்கவாட்டால் தண்ணீர் கைத் தடிப்பில் சீறிக்கொண்டு போனது. எனக்கு நெஞ்சு நிறைந்தது.

"பாத்தயா சுபைர், எப்பிடி அடிக்குதெண்டு?"

"ஓம் காக்கா. ஆனா நிக்காமலே அடிக்குதே?"

"நல்ல பம்ப் எண்டா அப்பிடித்தான்."

முப்பத்தைந்து நிமிடம் அது நிற்காமல் அடித்தது. முப்பத்தைந்து நிமிடமும் நான் அதைப் புகழ்ந்தேன்.

அக்கரையில் கந்தையா ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள் கலா, கையில் ஆஸ்பத்திரிக் கொப்பியும் சாப்பாட்டுப் பெட்டியும். அவரைத் தூக்கிப் பின்னிருக்கையில் வைத்தோம். கால்கள் இரண்டும் நனைந்த மரக்குற்றி போல இருந்தன. ஒரு வசனத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கினார்; ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"வெளியவும் தண்ணி... எனக்குள்ளயும் தண்ணி. எத முதல்ல இறைக்கப் போறீங்க தம்பி?"

"ரெண்டையும் இறைப்பம் அண்ணன். இஞ்ச பாருங்க, நல்ல பம்ப் இரிக்கி."

"நல்லது. எனக்கு... ரெண்டு இருந்திச்சு, ரெண்டும் செத்துப் போச்சு."

திரும்பினோம். இப்போது நான்கு பேர். வாகனம் இன்னும் தாழ்ந்து மிதந்தது. தாம்போதியை நெருங்கியபோது, நீரோட்டத்தின் நடு இழுவையில், என் செருப்பு நனைந்தது. தெறித்த தண்ணீர் என்று நினைத்தேன். பிறகு தண்ணீர் கால்விரலை மூடியது. பம்ப் இன்னமும் இறைத்துக்கொண்டுதான் இருந்தது.

கந்தையா வெளிவாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுள் முழுவதும் வரம்பில் நின்று தண்ணீர் பார்த்த கண்.

"தம்பி, இவ்வளவு தண்ணி வெளிய போகுதே... எங்கால உள்ள வருது?"

"அது... கசிவு அண்ணன்."

"கசிவுத் தண்ணி இப்பிடி ஓடாது. வயலுக்க இப்பிடி ஓடினா, வரம்புல நண்டு வளை இருக்கு. நண்டு வளை... எங்க இருக்கு?"

அந்தக் கணத்தில் எனக்கு முன்னால் வடக்குச் சுவர் தெரிந்தது. வெள்ளை உருவங்களுக்கு மேல் பொருத்தமாக, ஒழுங்காக, எண்ணிக்கை பிசகாமல் இரண்டு மூடிகள் தொங்கின.

"சுபைர், மூடி போடல்ல."

"எந்த மூடி?"

"ரெண்டும்."

சுபைர் என்னைத் திரும்பிப் பார்த்தான். "நீங்கதானே காக்கா எண்ணின?"



பின்னிருக்கைப் பலகையைத் தூக்கிக் கையை விட்டேன். முழங்கைக்கு மேல் தண்ணீர். தடவிப் பார்த்ததில் இடப்பக்கத் துளையால் தண்ணீர் குழாய் போலப் பாய்ந்து உள்ளங்கையில் அடித்தது. பம்பின் அடிச் சல்லடையை வைக்கோல் மூடிக்கொண்டிருந்தது. சுபைரால் நிறுத்த முடியாது. நிறுத்தினால் இழுவை தாம்போதிக்கு அப்பால் கொண்டுபோய்விடும். கந்தையாவின் மூச்சுச் சத்தம் எஞ்சினைத் தாண்டிக் கேட்டது.

நான் துணி தேடினேன். அவர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து நீட்டினார்.

"கிழிச்சு முறுக்கு. சும்மா திணிச்சா வெளித்தண்ணி தள்ளிப்போடும். நடுவுல... கம்பு ஒண்டு வைச்சு இறுக்கு. நாங்க வைக்கோல அப்பிடித்தான் முறுக்கி அடிக்கிற."

சால்வையை இரண்டாகக் கிழித்தேன். ஒரு பாதியை, பையில் கிடந்த திருகாணி முடுக்கியின் கைப்பிடியில் சுற்றி, இடப்பக்கத் துளையில் முறுக்கி இறக்கினேன், நின்றது. வலப்பக்கத்துக்கு இன்னொரு முடுக்கி இல்லை. அது பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது, ஒழுங்காக. மறுபாதியைக் கட்டைவிரலில் சுற்றி, விரலையே உள்ளே விட்டேன்.

"பிள்ள, அந்தச் சல்லடையில உள்ள வைக்கோலப் பிடுங்கு. மறுகா பெட்டியால இறை" என்றேன் கலாவிடம்.

அவள் வைக்கோலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியால் அள்ளி ஊற்றினாள். உள்ளே இருந்த இடியப்பம் முதலில் போனது. நான் எண்ணினேன்; வேறென்ன தெரியும் எனக்கு? நூற்றுப்பதினேழாவது பெட்டியில் என் செருப்பின் வார் வெளியே தெரிந்தது.

இப்படியே இருபத்தாறு நிமிடம். நான் முழங்காலில், தலை இருக்கைக்கு அடியில், கட்டைவிரல் துளைக்குள். முப்பத்தொரு வருடச் சேவையில் எனக்குப் பல பதவிகள் கிடைத்திருக்கின்றன. அன்றைக்கு நான் மூடி.

"என்ன தம்பி, கதையக் காணல்ல?" என்றார் கந்தையா மேலிருந்து. "பம்பப் பத்திச் சொல்லிக்கொண்டு வந்தாய்."

இக்கரையில் அம்புலன்ஸ் நின்றது. அவரைக் கொண்டுபோனார்கள். பின்னேரம் கலா தொலைபேசி எடுத்தாள்: இயந்திரத்தில் போட்டாயிற்று, மூச்சு இலேசாகிவிட்டது, சால்வை எங்கே என்று அப்பா கேட்கிறார். என் கட்டைவிரல் சேற்றில் பிடுங்கிய கிழங்கு போல வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. இரண்டு நாள் பேனை பிடிக்க ஏலாது. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, அறிக்கை எழுத வேண்டுமே.

மூன்றாம் நாள் எழுதினேன். நீளமான அறிக்கை. நான் பொய் எழுதவில்லை. 'புறப்படுமுன் பட்டியல்படி பரிசோதிக்கப்பட்டது. இரண்டு மூடிகளும் இருந்தன' என்று எழுதியிருந்தேன். இதில் எந்தச் சொல் பொய்?

றவூப் சேர் முழுவதையும் வாசித்தார். சிவப்புப் பேனையைத் திறந்தார். அந்த வசனத்தின் கீழே கோடு போட்டு, ஓரத்தில் ஒரு சொல் எழுதினார்: 'எங்கே?'

தாளைத் திருப்பித் தந்தார். நான் வாசலுக்குப் போனபோது, அவருக்கே உரிய மெல்லிய குரலில், "காக்கா, அந்தப் பலகைய அடிச்சது நான்தான். நீங்க சாவியோட கட்டச் சொன்ன" என்றார். முதன்முறையாக ஓர் அறிக்கைக்கு எழுத்தில் இல்லாமல் வாயால் பதில் சொன்னார். அதனால் என்னிடம் ஆதாரம் இல்லை. நீங்கள் நம்பத்தான் வேண்டும்.

பலகையில் இரண்டு ஆணிகள் பிடுங்கப்பட்டன. அறுபத்து நான்கு. மூடிகளைச் சாவியோடு சேர்த்து நைலோன் கயிற்றில் கட்டினேன். ஆடு கட்டும் கயிறு போலிருக்கிறது என்று சுபைர் முறைப்பாடு செய்தான். எழுத்தில் கேட்டேன், தரவில்லை.

சனிக்கிழமையும் வெள்ளம் வற்றவில்லை. நாங்கள் மறுபடி சவளக்கடைக்குப் போனோம். முன்கூட்டியே மூடிகளைப் பூட்டி, பட்டியலைப் புதிதாக எழுதி, இருபத்து மூன்றுக்கும் சரி போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். கலாவுக்குப் புதிய சாப்பாட்டுப் பெட்டியும் அவருக்கு ஒரு சால்வையும் கொண்டுபோயிருந்தேன். கந்தையா அன்றைக்குத் தடியை ஊன்றி நடந்தே வந்தார்.

"ஏறுங்க அண்ணன்" என்றேன்.

அவர் ஏறவில்லை. சால்வையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வாகனத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனார். தடியை மகளிடம் கொடுத்துவிட்டு, வீங்கிய காலோடு மெல்லக் குந்தினார். அடியில் கையை விட்டு இடப்பக்கத்தைத் தடவினார். பிறகு வலப்பக்கத்தை. விரலால் ஒரு தடவை அழுத்தியும் பார்த்தார். என்னைப் பார்க்கவேயில்லை.

"அண்ணன், நான் எல்லாம் பாத்திட்டன்."

"ஓம் தம்பி. அண்டைக்கும் பாத்துத்தானே வந்தாய்" என்று எழும்பினார். "இப்ப ஏறலாம்."

சுபைர் எஞ்சினை எடுத்தான். நான் பையிலிருந்து பட்டியலை எடுத்தேன். இருபத்து நான்காவதாகச் சேர்க்கலாம் என்று பேனையைத் திறந்தேன், கீழே இடமிருந்தது. ஆனால் அங்கே எழுதவில்லை. ஒன்றாம் இலக்கத்துக்கு மேலே, ஓரத்தில், இலக்கம் எதுவும் போடாமல் எழுதினேன்: 'கீழே குனிந்து கையால் தொடுக.'

புதிய வாகனத்தில் லைட் எரியும் என்கிறார்கள். எரியட்டும். அந்தப் பட்டியலின் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன்.